எந்தப் பக்கம்

பாடப்புத்தகத்தில் அதற்கு இரண்டு பக்கம்.
அறுநூற்றுப் பதினொன்று, அறுநூற்றுப் பன்னிரண்டு.
ஒரே தாளின் முன்னும் பின்னும்.
‘இரு பக்கத்தையும் சமமாகச் சொல்லவும்’
என்று முதல்வரின் மின்னஞ்சல்.
தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.
எழுத்தின் மேல் எழுத்து ஏறி
ஒரு வரியும் படிக்க முடியவில்லை.

சிகாகோவுக்குத் தென்மேற்கே, நவம்பர்.
மூன்றாம் பீரியட், நாற்பத்து மூன்று நிமிடம்.
வெப்பக் குழாய்கள் தடதடக்கின்றன
உள்ளே யாரோ அகப்பட்டுத் தட்டுவதுபோல்.
ஜன்னலிலிருந்து கரும்பலகைவரை
நைலான் கயிறு கட்டியிருந்தேன்.
துணி காயப்போடும் கிளிப்புகள்
ஒரு டாலர் கடையில் வாங்கியவை.
ஆளுக்கொரு அட்டை.
‘இது எங்கே தொடங்குகிறது?
ஓர் ஆண்டு எழுதுங்கள், போதும்.’

போதும் என்று சொல்லியிருக்கக் கூடாது.

லியோரா எழுதினாள்: 70.
கீழே கி.பி. என்று இரண்டு முறை கோடிட்டாள்.
நிபால், 1948. பேனா அட்டையைக் கிழித்தது.
கஸ்யா, 1917. முந்தின இரவே படித்திருக்கிறாள்.
டேரியஸ் 1967 போட்டுவிட்டு
‘பழைய கார் மாடல் மாதிரி இருக்கு’ என்றான்.
யாரும் சிரிக்கவில்லை, கடைசியில் அவனும்.
நஃப்தலி எதையோ எழுதிக் கவிழ்த்து வைத்தான்.
ஒரு அட்டை வெற்றாக இருந்தது.
அது என்னுடையது.

‘அந்த ஆண்டு அங்கே யார் ஆண்டார்கள்?’
‘துருக்கியர். அப்புறம் ஆங்கிலேயர்.’
‘ஆண்டவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு,
சண்டை மட்டும் ஏன் நம்ம கேன்டீனில் உட்கார்ந்திருக்கு?’
நிபால் கேட்டாள்.
ஆசிரியர் கையேட்டில் விடைப்பகுதியைப் புரட்டினேன்,
அவர்கள் பார்க்கப் புரட்டினேன்.

சமாஹ் நீட்டிய அட்டையில்
‘செவ்வாய், விடியற்காலை 4.10.’
‘ஆண்டுதானே கேட்டேன்’ என்றேன்.
இருபத்தோரு வருடமாகப் பாடம் நடத்துகிற வாய்
அதைத்தான் சொல்லியது.
‘எங்களுக்கு போன் வந்த நேரம்’ என்றாள்.
கான் யூனிஸில் சித்தி வீடு. மூன்று மாடி.
மாடிகளை எண்ணினாள்,
ஆட்களை எண்ணவில்லை.

நஃப்தலி தன் அட்டையை நிமிர்த்தி
எழுதியிருந்த ஆண்டை அடித்தான்.
‘ஒரு சனிக்கிழமை’ என்று எழுதினான்.
மாமா மகள். அவளுடைய எண்
இன்னும் அவன் போனில் இருக்கிறதாம்.
அதைச் சொன்னது மேஜையிடம்.

நான் எதையும் சமம் என்று சொல்லவில்லை.
கிளிப்புகள்தான் ஒரே அளவு.

மணி அடித்தது. நாற்காலிகள் கிறீச்சிட்டன.
இரவில் கூட்ட வந்த மிர்சாத்
கீழே விழுந்து கிடந்த ஓர் அட்டையை
எடுத்து மாட்டியிருக்க வேண்டும்.
மறுநாள் காலை பார்த்தால்
செவ்வாய்க்கிழமை
ஜன்னலோரம், எல்லாவற்றுக்கும் முன்னால்,
எழுபதுக்கும் முன்னால்.

‘வரிசை தப்பு’ என்றாள் கஸ்யா.
சரிசெய்ய நாற்காலியை இழுத்தேன்.
சமாஹ் அன்று வரவில்லை.
‘விடுங்க’ என்றான் நஃப்தலி.
நிபால் அவனைப் பார்த்த பார்வையில்
நன்றி இல்லை. சந்தேகம் இருந்தது,
அதோடு இன்னொன்றும்; பெயர் தெரியவில்லை.
நாற்காலியின் மேல் பாதி ஏறியவள்
இறங்கினேன்.

‘இது தேர்வில் வருமா?’ டேரியஸ்.
‘வெள்ளிக்கிழமை.’
அவன் புத்தகத்தைத் திறந்தான்,
விரலை எச்சில் தொட்டுக்கொண்டு கேட்டான்:
‘எந்தப் பக்கம்?’

எண்ணைத்தான் கேட்கிறான்.
குழாய்க்குள் மறுபடி யாரோ தட்டினார்கள்.